எண்ணெய்க் கிணறு சிமென்ட்: குழம்பிலிருந்து தண்ணீர் ஓடிவிட்டால் என்ன ஆகும்?

எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் பற்றிய விவாதம் எங்கே நடந்தாலும் ஒரு வாதம் தவறாமல் வரும்: கிணற்றுக்குள் இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமென்ட் போட்டு அடைத்தாயிற்று, ஆகவே நிலத்தடி நீருக்கு ஆபத்தில்லை. காவிரிப் படுகையில் நரிமணம், குத்தாலம் பக்கம் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் நிறைய. எதிர்த்தரப்போ, சிமென்ட் நாளாவட்டத்தில் விரிசல் விடும் என்று பதில் சொல்லும். இரு தரப்பும் இறுகிப்போன சிமென்டைப் பற்றியே பேசுகின்றன. அடைப்பு உருப்படியாக அமையுமா என்பதோ பெரும்பாலும் அதற்கு முன்பே, சிமென்ட் இன்னும் குழம்பாக இருக்கும் முதல் சில மணி நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அந்த நேரத்தில் குழம்பிலுள்ள தண்ணீரைப் பாறை இழுத்துக்கொண்டால், போட்ட கணக்கெல்லாம் தவறிப்போகும். துறையில் இதற்கு ஃப்ளூயிட் லாஸ் என்று பெயர். இங்கே நீர் இழப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

கிணற்றில் சிமென்ட் எதற்கு, எப்படி

வீட்டு போர்வெல்லில் மேலே மண் சரியாமலிருக்க கேசிங் பைப் இறக்குவார்கள். கெட்டிப் பாறை வந்ததும் துளையை அப்படியே விட்டுவிடுவார்கள். எண்ணெய்க் கிணறு வேறு ரகம். அது சில ஆயிரம் மீட்டர் ஆழம் போகும். வழியில் நன்னீர் அடுக்கு, உப்புநீர் அடுக்கு, வாயு இருக்கும் மணற்பாறை, எண்ணெய் இருக்கும் பாறை என்று ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். ஒவ்வொன்றிலும் அழுத்தம் வேறு. துளை போட்ட மாத்திரத்தில் இவை அனைத்தும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. அந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

அதனால் கொஞ்சம் தோண்டுவார்கள், கேசிங் இறக்குவார்கள், கேசிங்குக்கும் பாறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சிமென்டால் நிரப்புவார்கள், பிறகு சிறிய பிட் (துளையிடும் முனை) போட்டு மறுபடி தோண்டுவார்கள். சிமென்டை மேலிருந்து அந்த இடைவெளிக்குள் ஊற்றுவதில்லை. கேசிங்கின் உட்புறம் வழியாக பம்ப் செய்து அடிவரை அனுப்பி, அடியில் வெளியேறி வெளிப்புற இடைவெளியில் மேல்நோக்கி ஏறச் செய்வார்கள். குழம்புக்கு முன்னும் பின்னும் ரப்பர் அடைப்பான் விட்டு, அது மற்ற திரவங்களோடு கலக்காமல் காக்கும் முறை 1910-இல் கலிஃபோர்னியாவில் வந்தது. அடிப்படை இன்றும் அதுதான்.

இடைவெளி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். எட்டரை அங்குலத் துளையில் ஏழு அங்குலக் குழாய் இறக்கினால் சுற்றிலும் மிஞ்சுவது முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். குழாய் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் குறையும். இந்தச் சந்துக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்குக் குழம்பு ஏற வேண்டும்.

உலகெங்கும் அதிகம் பயன்படுவது ஏபிஐ எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் வகைப்பாட்டில் கிளாஸ் ஜி என்னும் சிமென்ட். இதை நம்மூரிலும் தயாரிக்கிறார்கள். 100 கிலோ சிமென்டுக்கு 44 லிட்டர் தண்ணீர் என்பது இதன் அடிப்படை விகிதம். கலந்த குழம்பின் அடர்த்தி ஏறக்குறைய 1.9, அதாவது தண்ணீரைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைந்த எடை. எடைக் கணக்கில் தண்ணீர் குறைவாகத் தெரிந்தாலும் கொள்ளளவில் குழம்பின் 58 சதவீதம் தண்ணீர்தான். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்று வேறு சிக்கல்கள்

செய்திகளில் மட்டுமல்ல, பொறியியல் மாணவர்களின் விடைத்தாள்களிலும் குழம்பிப்போகும் இடம் இது. கிணற்றுச் சிமென்டில் மூன்று விதமாகத் திரவம் பிரச்சினை கொடுக்கும்.

1. முழுக் குழம்பும் போய்விடுவது. பாறையில் பெரிய வெடிப்போ குகைபோன்ற ஓட்டையோ இருந்தால், அல்லது குழம்பின் எடை தாங்காமல் பாறை பிளந்தால், சிமென்டும் தண்ணீருமாக எல்லாமே உள்ளே இறங்கிவிடும். இதற்கு லாஸ்ட் சர்க்குலேஷன் என்று பெயர். குழம்பின் எடையைக் குறைப்பது, ஓட்டையை அடைக்கும் நார், செதில் போன்றவற்றைக் கலப்பது ஆகியவை இதற்கான மருந்து.

2. தண்ணீர் மேலே பிரிந்து நிற்பது. அசையாமல் வைத்த குழம்பில் சிமென்ட் துகள் கீழே படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். சாய்வான, கிடைமட்டமான கிணறுகளில் இந்த நீர் துளையின் மேல்பக்கம் ஓர் ஓடையாகச் சேர்ந்து, வாயுவுக்கு வழி போட்டுக் கொடுக்கும். இது தனிநீர் சிக்கல்.

3. தண்ணீர் மட்டும் வடிந்து பாறைக்குள் போவது. சிமென்ட் துகள் பெரிது, பாறையின் நுண்துளை சிறிது. துகள் உள்ளே நுழைய முடியாமல் சுவரோரம் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் கசியும். இதுதான் நீர் இழப்பு.

ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. வெடிப்பை அடைக்கும் நார்த்துண்டைப் போட்டு நுண்துளைக் கசிவை நிறுத்த முடியாது. இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது.

தண்ணீர் ஏன் போகிறது

பூச்சு வேலைக்கு முன் கொத்தனார் செங்கல் சுவரில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்திருப்போம். காய்ந்த செங்கலில் பூசினால் கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சி, பூச்சு வேலை முடிவதற்குள் வறண்டு உதிரும். கிணற்றில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் இங்கே பாறை தானாக உறிஞ்சுவதில்லை, அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

பாறையிலுள்ள திரவத்தின் அழுத்தத்தைவிடக் கிணற்றுக்குள் இருக்கும் அழுத்தம் எப்போதும் சற்று அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயுவோ எண்ணெயோ உள்ளே பாய்ந்துவிடும். பாதுகாப்புக்காக வைக்கும் இந்த அதிகப்படி அழுத்தமே குழம்பின் தண்ணீரையும் பாறைக்குள் அழுத்துகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தவிர்க்க வழியில்லை.

பாறைச் சுவரில் ஏற்கெனவே ஒரு தடுப்பு இருக்கும். தோண்டும்போது கிணற்றில் சுற்றிவரும், மட் எனப்படும் சேறு போன்ற திரவம் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டி, கசிவைக் கணிசமாகக் குறைத்துவிடும். அது அப்படியே இருந்தால் சிமென்டின் தண்ணீரும் அவ்வளவாகப் போகாது. ஆனால் மட் படலத்தின் மேல் சிமென்ட் சரியாக ஒட்டாது. அதனால் சிமென்டுக்கு முன்னால் ஸ்பேசர் என்னும் கழுவு திரவத்தை அனுப்பியும், கேசிங்கில் சுரண்டும் கம்பிகள் பொருத்தியும் படலத்தை நீக்கப் பார்ப்பார்கள். சுவர் எவ்வளவு சுத்தமாகிறதோ சிமென்ட் அவ்வளவு நன்றாக ஒட்டும். அவ்வளவு வேகமாகத் தண்ணீரும் போகும். கிணற்றுச் சிமென்ட் வேலையில் இப்படிப்பட்ட இழுபறிகள் ஏராளம்.

போனால் என்ன

100 கிலோ சிமென்டுக்கு இருந்த 44 லிட்டரில் கால்வாசி, அதாவது 11 லிட்டர், போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். குழம்பின் அடர்த்தி 1.9-இலிருந்து ஏறக்குறைய 2.06 ஆகும். கொள்ளளவு 15 சதவீதம் சுருங்கும். அதன்பின் சங்கிலிபோல் விளைவுகள் வரும்.

1. குழம்பு கெட்டியாகும். பம்ப் அழுத்தம் ஏறும். அந்த அதிக அழுத்தத்தால் கீழே பலவீனமான பாறை பிளந்து, மேலே சொன்ன முதல் சிக்கலும் சேர்ந்துகொள்ளலாம்.

2. இறுகும் நேரம் குறையும். ஆய்வகத்தில் ஐந்து மணி நேரம் பம்ப் செய்யலாம் என்று கண்ட குழம்பு, தண்ணீர் இழந்தபின் அதே குழம்பு அல்ல. முழு அளவும் மேலே ஏறுவதற்குள் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

3. குறுகலான இடத்தில் அடைப்பு விழும். ஊடுருவுதிறன் மிக்க, அதாவது திரவத்தை எளிதில் உள்ளே விடும், மணற்பாறையை ஒட்டி வறண்ட சிமென்ட் தடித்துக்கொண்டே போய், 19 மில்லிமீட்டர் சந்து முழுவதையும் அடைத்துவிடும்.

4. பாறைக்குள் போன நீர் அங்கேயும் கெடுதல் செய்யலாம். அது கடும் காரத்தன்மை கொண்டது. களிமண் கலந்த மணற்பாறையின் துளைகளைக் குறுக்கிவிடலாம். பாடநூல்கள் இதற்குத் தரும் முக்கியத்துவம் கொஞ்சம் அதிகம் என்றே தோன்றுகிறது. தோண்டும் நாட்களில் மட்டிலிருந்து போகும் நீர் இதைவிட அதிகம். கேசிங்கையும் சிமென்டையும் துளைத்துப் போடும் ஓட்டை பெரும்பாலும் இந்தச் சேதப் பகுதியைத் தாண்டிவிடும்.

மூன்றாவதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. அதை விளங்கிக்கொள்ள வாயு எப்படி நுழைகிறது என்று பார்க்க வேண்டும்.

குழம்பு திரவமாக இருக்கும்வரை அதன் முழு எடையும் கீழே அழுத்தும். 1000 மீட்டர் உயரக் குழம்பு அடியில் ஏறக்குறைய 186 பார் அழுத்தம் தரும் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்). பம்ப் நின்றதும் குழம்பு மெல்ல ஜெல் போல உறையத் தொடங்கி, சுவரையும் குழாயையும் பிடித்துக்கொண்டு தன் எடையைத் தானே தாங்க ஆரம்பிக்கும். அப்புறம் எடை கீழே இறங்காது. துகள்களின் எடை கழிந்து, இடையிலுள்ள நீரின் அழுத்தம் மட்டும் மிஞ்சும் நிலை வந்தால் அதே 1000 மீட்டருக்குக் கிடைப்பது 98 பார்தான். குழம்பு திரவமாகவும் இல்லை, கல்லாகவும் இல்லை என்ற இந்த இடைக்காலத்தில் வாயுவின் அழுத்தம் அதை மிஞ்சினால் வாயு உள்ளே புகுந்து, இறுகாத சிமென்டில் பொந்து போட்டுக்கொண்டு மேலே ஏறும். பிறகு சிமென்ட் இறுகும்போது அந்தப் பொந்தும் சேர்ந்தே இறுகிவிடும்.

இது வெறும் கோட்பாடு அல்ல. 1980-களின் தொடக்கத்தில் எக்ஸான் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்கள் கேசிங்கின் வெளிப்புறத்தில் அழுத்தமானிகளைக் கட்டி இறக்கி, சிமென்ட் இறுகும் முன்பே அழுத்தம் சரிவதை நேரடியாக அளந்தார்கள்.

நீர் இழப்பு இதில் இரண்டு இடங்களில் கைவைக்கிறது. ஜெல் ஆன குழம்பு மேலிருந்து இறங்கி ஈடுசெய்ய முடியாது. அந்த நிலையில் கொஞ்சம் தண்ணீர் பாறைக்குள் போனாலும் கொள்ளளவு குறைந்து அழுத்தம் சடசடவென விழும். அடுத்து, வாயு அடுக்குக்கு மேலே எங்கேயோ ஒரு மணற்பாறையை ஒட்டி வறண்ட அடைப்பு விழுந்தால், அதற்கு மேலுள்ள குழம்பின் எடை முழுதும் அந்த அடைப்பிலேயே உட்கார்ந்துவிடும். கீழே வாயுவை அழுத்திப் பிடிக்க ஆளே இல்லை.

எப்படி அளக்கிறார்கள்

சோதனை எளிமையானது, பார்க்கவும் சுவாரசியமானது. கிணற்றுக்குள் இருக்கும் சூட்டில் குழம்பைச் சிறிது நேரம் கலக்கிப் பக்குவப்படுத்துவார்கள். பிறகு ஓர் எஃகு உருளைக்குள் ஊற்றி மூடுவார்கள். உருளையின் அடியில் 325 மெஷ் சல்லடை. அதன் கண் 45 மைக்ரான். மேலிருந்து நைட்ரஜனை 1000 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 69 பார் அழுத்தத்தில் கொடுத்து, அடி வால்வைத் திறந்து, 30 நிமிடத்தில் அளவுக் குடுவையில் எவ்வளவு நீர் விழுகிறது என்று பார்ப்பார்கள். உருளையின் சல்லடைப் பரப்பு நிலையான பரப்பில் பாதி என்பதால் வந்த அளவை இரண்டால் பெருக்குவார்கள். அதுதான் ஏபிஐ நீர் இழப்பு எண்.

எதுவும் கலக்காத வெறும் சிமென்ட் குழம்பு 30 நிமிடம் தாக்குப்பிடிக்காது. வால்வைத் திறந்ததும் நீர் தாரையாகக் கொட்டும். ஓரிரு நிமிடத்துக்குள் தண்ணீர் தீர்ந்து நைட்ரஜன் புஸ்ஸென்று வெளியேறும். உருளையைத் திறந்தால் உள்ளே கரண்டியால் குத்தினாலும் வராத கெட்டிக் கட்டி. நல்ல மருந்து கலந்த குழம்பில் நீர் சொட்டுச் சொட்டாக விழும். திறந்து பார்த்தால் சல்லடை மேல் மெல்லிய படிவு, அதற்கு மேலே குழம்பு இன்னும் குழம்பாகவே இருக்கும்.

முன்கூட்டியே வறண்டுபோன மாதிரிக்கு எண் சொல்ல ஒரு சூத்திரம் உண்டு. வடியும் நீர் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும், ஏனென்றால் படிவு தடிக்கத் தடிக்க அதுவே தடையாகிறது. ஒரு நிமிடத்தில் 100 மில்லி வடிந்து முடிந்துவிட்டால், 30-இன் வர்க்கமூலமான 5.477-ஆல் பெருக்கி, இரண்டாலும் பெருக்கினால் 1095 மில்லி. வெறும் சிமென்டுக்கு ஆயிரத்துக்கு மேல் என்று சொல்வது இப்படிக் கணக்கிட்டு வரும் எண்தான். உருளைக்குள் அவ்வளவு நீரே கிடையாது.

இந்த எண்ணைக் கிணற்றில் அப்படியே பொருத்தக் கூடாது. எட்டரை அங்குலத் துளை, ஏழு அங்குலக் குழாய்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளத்தில் இடைவெளியின் கொள்ளளவு 11.8 லிட்டர். அதில் 58 சதவீதம், அதாவது 6.8 லிட்டர் தண்ணீர். பாறைச் சுவரின் பரப்பு 0.68 சதுர மீட்டர். மிகச் சிறந்தது என்று கொண்டாடப்படும் 50 மில்லி அளவை இந்தப் பரப்புக்குப் பெருக்கினால் அரை மணி நேரத்தில் 7.5 லிட்டர் வரும். இருக்கும் தண்ணீரைவிட அதிகம்! நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. பாறை சல்லடையைவிடப் பல மடங்கு இறுக்கமானது, மட் படலத்தின் மிச்சமும் இருக்கும், அழுத்த வேறுபாடும் பல இடங்களில் 69 பாரைவிடக் குறைவு. ஆகவே ஏபிஐ எண் ஒரு குழம்பை இன்னொன்றோடு ஒப்பிட உதவும் அளவுகோல். கிணற்றில் எத்தனை லிட்டர் போகும் என்று சொல்லும் ஜோசியம் அல்ல. ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது: சந்து குறுகக் குறுக, குழம்பின் அளவைவிடச் சுவரின் பரப்பு விகிதத்தில் பெரிதாகிக்கொண்டே போகும். ஆழத்தில், முந்தைய கேசிங்கின் அடியிலிருந்து தொங்கவிடும் லைனர் குழாய்களுக்கு இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு இதுவே காரணம்.

தடுப்பது எப்படி

முதலில் தோன்றும் யோசனை, தண்ணீரையே கெட்டியாக்கிவிட்டால் என்ன என்பது. வடியும் நீரின் பிசுபிசுப்பு கூடினால் வடிதல் குறையும், சரி. ஆனால் இங்கேயும் வர்க்கமூலம் குறுக்கே நிற்கிறது. 1500 மில்லியை 50 ஆக்க வேண்டுமானால் 30 மடங்கு குறைக்க வேண்டும். அதற்குப் பிசுபிசுப்பை 30 மடங்கு கூட்டினால் போதாது, 900 மடங்கு கூட்ட வேண்டும். அப்படிப்பட்ட குழம்பை எந்த பம்பும் தள்ளாது.

மிஞ்சும் வழி, சல்லடை மேல் சேரும் படிவின் ஊடுருவுதிறனைக் குறைப்பது. இங்கேயும் அதே 900 மடங்கு தேவை, ஆனால் இது சாத்தியம். துகள்களுக்கு இடையிலுள்ள நுண்வழிகளை மிகச் சிறிய பொருளால் அடைத்தாலே போதும். சிமென்ட் எடையில் அரை சதவீதம், ஒரு சதவீதம் என்ற அளவில் கலக்கும் பாலிமரால் இது முடிகிறது.

நடைமுறையில் புழங்கும் பொருள்கள்:

1. செல்லுலோஸ் வகைகள். ஹெச்ஈசி எனப்படும் ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் இவற்றில் முக்கியமானது. டைல்ஸ் ஒட்டும் பசையில் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் இதே குடும்பத்துப் பொருள்தான். தண்ணீரில் கரைந்து, விரிந்து, படிவின் வழிகளில் சிக்கிக்கொள்ளும். விலை மலிவு. குறை என்னவென்றால், குளிர்ந்த நிலையில் மேலே குழம்பை அளவுக்கு மீறித் தடிக்க வைக்கும், கீழே சூட்டில் மெலிந்துவிடும். 90 டிகிரி செல்சியஸ் தாண்டினால் நம்பிக்கை வைக்க முடியாது. சிமென்ட் இறுகுவதையும் தாமதப்படுத்தும்.

2. பாலிவினைல் ஆல்கஹால். ஆழம் குறைந்த, சூடு குறைந்த கிணறுகளுக்குப் பொருத்தமானது, இறுகுவதைத் தாமதப்படுத்தாது. இதில் ஒரு விசித்திரம்: அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் நீர் இழப்பு சீராகக் குறையாது. ஓர் எல்லைவரை பெரிய மாற்றம் இருக்காது, அதைத் தாண்டியதும் சட்டென்று விழும். சிக்கனம் பார்த்துச் சற்றே குறைத்துப் போட்டால் போடாததற்குச் சமம்.

3. லேடெக்ஸ். ரப்பர் துகள்கள் மிதக்கும் பால் போன்ற திரவம். துகள்கள் படிவின் வழிகளை அடைத்துப் படலமாகவும் மாறும். வாயு நுழைவதையும் தடுப்பதால் வாயுக் கிணறுகளில் மதிப்பு அதிகம். நிறையப் போட வேண்டும், விலையும் கூடுதல். குழம்பில் திரிந்துபோகாமல் காக்க நிலைப்படுத்தி வேறு சேர்க்க வேண்டும்.

4. ஏஎம்பிஎஸ் என்னும் சல்ஃபோனேட் மூலக்கூறை அடிப்படையாகக் கொண்ட செயற்கைப் பாலிமர்கள். சூட்டையும் உப்பையும் தாங்கும். ஆழமான, வெப்பமான கிணறுகளில் இன்று பெரும்பாலும் இவைதான்.

இந்த நான்காவது வகை எப்படி வேலை செய்கிறது என்பதை மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யோஹான் பிளாங்க் குழுவினர் விரிவாக ஆராய்ந்தார்கள். பாலிமர் சிமென்ட் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால்தான் வழி அடைபடும் என்று கண்டார்கள். நடைமுறையில் இதற்குப் பெரிய அர்த்தம் உண்டு. குழம்பை இளக்கிப் பம்ப் செய்ய வசதியாக்கும் டிஸ்பர்சன்ட் பொருளும் அதே மேற்பரப்பில்தான் ஒட்டும். இரண்டும் ஓர் இடத்துக்குப் போட்டி போடும். டிஸ்பர்சன்ட் வலுவானதாக இருந்தால் பாலிமரைத் துரத்திவிடும். இரண்டும் தனித்தனியே அருமையான சரக்கு, சேர்த்துப் போட்டால் நீர் இழப்பு எகிறும். அதனால்தான் பட்டியலைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுத்தால் போதாது, முழுக் கலவையையும் சோதித்தாக வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள்.

வேதிப்பொருள் தவிர, துகள் அளவைக் கலந்து அடுக்கும் வழியும் உண்டு. சிமென்ட் துகளைவிடப் பல மடங்கு நுண்ணிய மைக்ரோசிலிக்கா இடுக்குகளில் போய் உட்கார்ந்தால் பாலிமரின் வேலை எளிதாகும். பென்டோனைட் களிமண்ணும் பழைய முறை. இன்று அதை மட்டும் நம்பி யாரும் இறங்குவதில்லை.

எவ்வளவு குறைத்தால் போதும்

துறையில் புழங்கும் பொது அளவுகள் இப்படி: சாதாரண கேசிங்குக்கு 200 முதல் 250 மில்லி போதும், லைனருக்கு 100-க்குள், வாயு நுழையும் அபாயம் இருந்தால் 50-க்குள். மேற்பரப்புக்கு அருகே போடும் பெரிய குழாய்க்குப் பல இடங்களில் இந்தக் கட்டுப்பாடே வைப்பதில்லை. அங்கே இடைவெளி அகலம், அழுத்தம் குறைவு.

குறைவாக இருக்க இருக்க நல்லது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஸ்க்வீஸ் என்றொரு பழுதுபார்க்கும் வேலை உண்டு. கேசிங்கில் தேவையற்ற ஓட்டை இருந்தாலோ, சிமென்டில் கால்வாய் விழுந்திருந்தாலோ, புதுக் குழம்பை அழுத்தி அந்த ஓட்டைக்குள் செலுத்துவார்கள். இங்கே குழம்பு ஓட்டைக்குள் போய்த் தண்ணீரை இழந்து வறண்டு அடைக்க வேண்டும். நீர் இழப்பே இங்கே கருவி. அளவுக்கு மீறி இழந்தால் முதல் ஓட்டையிலேயே கட்டி வளர்ந்து கேசிங்கின் உட்புறத்தை அடைத்துவிடும், அடுத்த ஓட்டைகளுக்குக் குழம்பு போகாது. இழக்கவே இல்லையென்றால் கட்டி உருவாகாது, அழுத்தத்தை எடுத்ததும் குழம்பு திரும்பி வரும். பாறையின் ஊடுருவுதிறனைப் பார்த்து 50-க்கும் 200-க்கும் இடையில் எங்கேயோ நிறுத்துவார்கள். இறுக்கமான பாறைக்குக் கூடுதல், இளகலான பாறைக்குக் குறைவு. இது அனுபவத்தில் வரும் கைப்பக்குவம், சூத்திரம் கிடையாது.

மகோண்டோ: எவ்வளவு பழி போடலாம்

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் துளையிடும் ரிக் வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணற்றை மூட 87 நாள் ஆயிற்று. கிணற்றின் பெயர் மகோண்டோ. அடியில் போட்ட சிமென்ட் வாயுவையும் எண்ணெயையும் தடுக்கவில்லை என்பதில் விசாரணைகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஏன் தடுக்கவில்லை என்பதில்தான் இழுபறி.

அந்தக் கிணற்றின் அடிப்பாறை பலவீனமானது. தோண்டும்போதே மட் உள்ளே போயிருந்தது. எனவே குழம்பின் எடையைக் குறைக்க நைட்ரஜன் குமிழிகள் கலந்த நுரைச் சிமென்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அளவும் குறைவு, ஏறக்குறைய 60 பீப்பாய். அவ்வளவு சிறிய அளவில் சிறு கெடுதலும் பெரிதாகத் தெரியும். 2010 செப்டம்பரில் கிணற்றை நடத்திய பிபி நிறுவனம் வெளியிட்ட சொந்த விசாரணை அறிக்கை, குழம்பில் நீர் இழப்பைத் தடுக்கும் பொருளே சேர்க்கப்படவில்லை என்றும், நுரையைக் கலைக்கக்கூடிய பொருள் சேர்க்கப்பட்டிருந்தது என்றும் குறை சொன்னது. சிமென்ட் வேலையைச் செய்த ஹாலிபர்ட்டன் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. அமெரிக்க அதிபர் அமைத்த ஆணையம் நீர் இழப்பைவிட நுரையின் நிலைத்தன்மையில்தான் அதிகம் கவனம் செலுத்தியது. விபத்துக்கு முந்தைய ஆய்வகச் சோதனைகளிலேயே நுரை நிற்கவில்லை என்பதற்கான அறிகுறிகள் இருந்தன.

இவற்றோடு, கேசிங்கைத் துளையின் நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசர்களைக் கணினி மாதிரி 21 கேட்ட இடத்தில் ஆறுதான் பொருத்தினார்கள். சிமென்டின் தரத்தைப் பார்க்கும் லாக் என்னும் பதிவை எடுக்க வந்திருந்த குழுவை வேலை செய்யாமலே திருப்பி அனுப்பினார்கள். அழுத்தச் சோதனையின் முடிவைத் தவறாகப் படித்தார்கள். ஆக, மகோண்டோவை நீர் இழப்பால் வந்த விபத்து என்று எழுதுவது மிகை. ஆனால் நீர் இழப்பு மருந்து இல்லாத, அளவில் சிறிய குழம்பை வாயு இருக்கும் பாறையின் எதிரில் வைத்தது, தவறு நடந்தால் தாங்கிக்கொள்ள இருந்த இடத்தை முன்கூட்டியே குறைத்துவிட்டது என்பது நியாயமான குற்றச்சாட்டு.

ஒரு கிணற்றைப் பற்றி எதைக் கேட்கலாம்

சிமென்ட் பாண்ட் லாக் கேசிங்குக்கு வெளியே சிமென்ட் ஒட்டியிருக்கிறதா என்பதை ஒலி அலை மூலம் காட்டும். ஒட்டவில்லை என்றால் ஏன் ஒட்டவில்லை என்று அது சொல்லாது. சுற்றிலும் நன்றாக ஒட்டிய சிமென்டில் மெல்லிய வாயுப் பொந்து ஒன்று இருந்தால் அது கண்ணில் படாமலும் போகலாம். நீர் இழப்பின் தடம் இரண்டே இடத்தில் பதிவாகியிருக்கும்: பம்ப் செய்த நேரத்து அழுத்த வரைபடம், அதற்கு முன் ஆய்வகம் கொடுத்த அறிக்கை. அழுத்த வரைபடத்தில் கடைசிக் கட்டத்தில் காரணமில்லாமல் ஏற்றம் தெரிந்தால் எங்கோ குழம்பு வறண்டிருக்கலாம்.

ஆய்வக அறிக்கையில் மூன்றைப் பார்க்க வேண்டும். சோதனை எந்தச் சூட்டில் நடந்தது. 30 டிகிரியில் வந்த அழகான எண்ணுக்கு 120 டிகிரிக் கிணற்றில் மதிப்பில்லை. எந்த சிமென்டில் நடந்தது. ஆலை ஒன்றே ஆனாலும் லோடுக்கு லோடு சிமென்டின் குணம் மாறும், கிணற்றுக்குப் போன அதே லோடின் மாதிரி வேண்டும். கடைசியாக, எந்தத் தண்ணீரில் கலந்தார்கள். ஆய்வகக் குழாயில் வரும் சுத்தமான நீரில் 40 மில்லி காட்டிய குழம்பு, ரிக்குக்கு டேங்கர் லாரியில் வந்த உப்புச் சுவை தண்ணீரில் கலந்தால் 200-ஐத் தாண்டலாம், அதுவும் உப்பைத் தாங்காத மருந்தாக இருந்தால்.